பரமும் ஜிஸ்ட்டும்: புனேயிலிருந்து வந்த இரண்டு கொடைகள்

விஜய் பட்கர் என்ற பெயரைச் சொன்னால் பலருக்கும் ஒரே கதைதான் நினைவுக்கு வரும். அமெரிக்கா சூப்பர் கம்ப்யூட்டர் தர மறுத்தது, நாமே செய்துகாட்டினோம். பள்ளிப் பேச்சுப் போட்டியிலும் வாட்ஸ்அப் பகிர்விலும் கதை இந்த இரண்டு வரியோடு முடிந்துவிடும். கதை பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை. வேலை எப்படி நடந்தது, எது கைகூடியது, எது இன்னும் கைகூடவில்லை, அதில் தமிழர்களான நமக்கு என்ன கிடைத்தது என்பதெல்லாம் யாரும் சொல்லாத மறுபாதியில் கிடக்கிறது.

மகாராஷ்டிரத்தின் விதர்பா பகுதியில், அகோலா மாவட்டத்து முரம்பா என்ற சிற்றூரில் 1946 அக்டோபர் 11 அன்று பிறந்தவர் பட்கர். பருத்தி விளையும் கரிசல் மண்; நம் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள் பார்த்தால் சொந்த ஊர் என்றே நினைப்பார்கள். நாக்பூரில் பொறியியல் பட்டம், பரோடாவில் மேற்படிப்பு, 1972-ல் டெல்லி ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம். 80-களில் திருவனந்தபுரத்தில் மின்னணு ஆய்வு வளர்ச்சி மையத்தின் இயக்குநராக இருந்தார். கேரள அரசின் கெல்ட்ரான் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவாகத் தொடங்கிய மையம் அது. கெல்ட்ரானை வளர்த்தெடுத்த கே.பி.பி. நம்பியார்தான் பின்னர் டெல்லியில் மத்திய மின்னணுத் துறைச் செயலராகப் போனார். புனேயின் கதைக்கு வேர் திருவனந்தபுரத்திலும் இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

'மறுத்தார்கள்' என்பதையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் சூப்பர் கம்ப்யூட்டர் என்றாலே அமெரிக்காவின் கிரே நிறுவனம்தான். மழையைக் கணிக்கும் அதே இயந்திரம் அணுகுண்டுக்கும் ஏவுகணைக்கும் கணக்குப் போடும் என்பதால் அமெரிக்க அரசு அதைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் கேட்ட பெரிய ரகம் கிடைக்கவில்லை. வானிலைக் கணிப்புக்காக டெல்லிக்கு, எக்ஸ்-எம்.பி. 14 என்ற சிறிய ரகம் கட்டுப்பாடுகளோடு வந்து சேர்ந்தது. ஆக, கதவை முழுக்க மூடிவிடவில்லை. எவ்வளவு திறப்பது என்பதை அவர்கள் தீர்மானித்தார்கள், அவ்வளவுதான். ஒரு நாட்டின் விஞ்ஞானிகளுக்கு அதைவிடப் பெரிய அவமானம் வேறு வேண்டுமா?

1988 மார்ச் மாதம் புனேயில் சி-டாக் என்ற உயர்நிலைக் கணினி வளர்ச்சி மையம் தொடங்கியது. மூன்று ஆண்டு அவகாசம், சுமார் 30 கோடி ரூபாய் பணம், இயக்குநராக 41 வயது பட்கர். பிரதமர் ராஜீவ் காந்தி தன்னிடம் கேட்டவற்றைப் பட்கர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். நம்மால் முடியுமா, எவ்வளவு காலம் ஆகும், எவ்வளவு செலவாகும் என்று பிரதமர் கேட்டாராம். சூப்பர் கம்ப்யூட்டரை நேரில்கூடப் பார்க்காத மனிதர், கிரேயை இறக்குமதி செய்ய ஆகும் காலத்தையும் பணத்தையும்விடக் குறைவாகவே ஆகும் என்று பதில் சொல்லியிருக்கிறார்.

சி-டாக் வேர்விட்டது கணேஷ்கிண்ட் பகுதியில் உள்ள புனே பல்கலைக்கழக வளாகத்தில். ஜெயந்த் நார்லிகரின் வானியல் மையம் அதே 1988-ல் அதே வளாகத்தில் தொடங்கியது. பக்கத்துப் பாஷாணில் தேசிய வேதியியல் ஆய்வகமும் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனமும் இருந்தன. பெருங்கணக்குக்காகக் காத்திருந்தவர்கள் சுற்றிலும் இருந்த ஊர் அது.

கிரேயின் வழி வேறு: ஒரு சில செயலிகள், ஒவ்வொன்றும் அசுர வேகம். அப்படிப்பட்ட சில்லைச் செய்யும் ஆலை நம்மிடம் கிடையாது. பட்கரின் குழு எடுத்தது அடுத்த வழி. கடையில் கிடைக்கும் சாதாரண வேகச் செயலிகளை நூற்றுக்கணக்கில் கோத்து, ஒரே கணக்கை எல்லாருக்கும் பிரித்துக் கொடுப்பது; இணைநிலைக் கணிமை என்பது இதுதான். இதற்காக அவர்கள் தேர்ந்தெடுத்தது இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து இன்மாஸ் நிறுவனத்தின் டி-800 டிரான்ஸ்பியூட்டர். ஒரு சில்லுக்குள்ளேயே கணக்குப் போடும் பகுதி, 4 கிலோபைட் நினைவகம், பக்கத்துச் சில்லுகளோடு பேச நான்கு இணைப்புகள் எல்லாம் அடங்கியிருந்தன. இந்த நான்கு இணைப்புகளில்தான் விஷயமே இருக்கிறது.

வானிலைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் எல்லாம் அடுத்த சில நிமிடங்களில் எப்படி மாறும் என்று கணக்கிட வேண்டும். சென்னை வானம் ஒரு செயலிக்கு, நெல்லூர் வானம் அடுத்ததற்கு என்று பிரித்துவிடலாம். ஆனால் நெல்லூர்க் காற்று சென்னைக்கு வரும். ஆகவே ஒவ்வொரு அடியிலும் செயலிகள் தங்கள் எல்லையில் உள்ள எண்களை அண்டை வீட்டுக்குக் கொடுத்து வாங்க வேண்டும். ஒருவர் தாமதித்தால் எல்லாரும் கைகட்டி நிற்பார்கள். சில்லுகளை வாங்கி அடுக்குவது எளிது. இந்தப் பேச்சுவார்த்தையைத் தடங்கலில்லாமல் நடத்துவதுதான் கடினம். அதற்காகவே 'பராஸ்' என்ற மென்பொருள் சூழலை அந்தக் குழு எழுதியது.

'பரம் 8000' என்ற அந்த இயந்திரத்தின் மாதிரி 1990-ல் சூரிச் கண்காட்சியில் சோதிக்கப்பட்டு, அமெரிக்க இயந்திரம் ஒன்றுக்கு அடுத்தபடியாக இரண்டாம் இடம் பெற்றது. 1991-ல் 64 செயலிகள் கொண்ட இயந்திரம் வெளிவந்தது. கேட்ட கெடுவுக்குள் கொடுத்தார்கள். கேட்ட பிரதமர் அதைப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்டார். அந்நியச் செலாவணி இல்லாமல் நாடு தங்கத்தை அடகு வைத்த ஆண்டும் அதுதான். அந்த நேரத்தில் ஜெர்மனி, பிரிட்டன், ரஷ்யா ஆகிய நாடுகளுக்குப் புனேயிலிருந்து கணினி போனது என்பதை இன்று படித்தாலும் மனம் நிமிர்கிறது.

பெருமையைச் சொல்லும்போது கணக்கையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 256 செயலிகள் கொண்ட பரம் நொடிக்கு 100 கோடி கணக்குகள் போடும் என்பது ஏட்டளவு வேகம். நடைமுறையில் நிலையாகக் கிடைத்தது 10 கோடி முதல் 20 கோடி வரைதான். கிரேயைவிடப் பல மடங்கு வேகம் என்று சுற்றிவரும் எண்களை நான் நம்புவதில்லை. அதேபோல, 'இந்தியாவின் முதல் இணைநிலைக் கணினி' என்ற பட்டமும் பரமுக்கு உரியதல்ல. பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் 1986-லேயே 'ஃபுளோசால்வர்' செய்துவிட்டது. பாபா அணு ஆராய்ச்சி மையம் 'அனுபம்' செய்தது. அவையெல்லாம் அவரவர் ஆய்வகத்தின் சொந்தத் தேவைக்காகப் பிறந்தவை. பட்கர் செய்தது வேறு. நாள் குறித்து, விலை குறித்து, மென்பொருள் சேர்த்து, பிறர் வாங்கி ஓட்டக்கூடிய ஒரு பொருளை அரசு நிறுவனத்துக்குள்ளிருந்து கொண்டுவந்தார். அரசு அலுவலகங்களில் கோப்பு நகரும் வேகம் தெரிந்தவர்களுக்கு அந்தச் சாதனையின் எடை புரியும்.

இனி ஜிஸ்ட். தமிழ் வாசகருக்கு இதுதான் நெருக்கமான பகுதி.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் 80-களின் தொடக்கத்தில் இந்திய எழுத்துகளைக் கணினிக்குள் கொண்டுவரும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதிலிருந்து உருவானது ஜிஸ்ட் தொழில்நுட்பம். அதன் மூலவர் மோகன் தாம்பே. சி-டாக் தொடங்கியபோது இந்த வேலையும் அவரும் புனேக்கு வந்தார்கள். சூப்பர் கம்ப்யூட்டர் செய்யப் பிறந்த நிறுவனத்துக்கு அ, ஆ எதற்கு என்று தள்ளியிருக்க முடியும். மூன்றாண்டுக் கெடு கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தும் பட்கர் தள்ளவில்லை.

கணினிக்குள் செருகும் ஓர் அட்டையாக ஜிஸ்ட் வந்தது. அதைப் பொருத்திவிட்டால், ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட மென்பொருளிலேயே இந்திய மொழிகளில் வேலை செய்யலாம். கூடவே, பெரும்பாலான இந்திய எழுத்துகளுக்கும் பொதுவாக எண் கொடுக்கும் 'இஸ்கி' என்ற குறிமுறை உருவாகி, 1991-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரமாகவும் ஆனது. அதன் அடிப்படை எண்ணம் இதுதான்: எழுத்தை ஒலி வரிசையில் சேமித்துக்கொள், வடிவத்தைத் திரையில் பார்த்துக்கொள்ளலாம். பழைய தட்டச்சுப் பொறியில் 'கே' அடிக்க வேண்டுமானால் இரட்டைச்சுழிக் கொம்பை முதலில் தட்டி, பிறகு 'க' தட்ட வேண்டும். இஸ்கியில் 'க' முதலில், கொம்பு பின்னால். திரையில் மட்டும் கொம்பு முன்னால் போய் நிற்கும். இன்று உங்கள் போனில் 'கே' என்று அடித்துவிட்டு, அழிக்கும் விசையை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் கொம்பு மட்டும் மறைந்து 'க' நிற்கும். அங்கே வேலை செய்வது அந்த எண்ணம்தான்.

உலகத் தரமான யூனிகோடு 1991-ல் வந்தபோது, இந்திய எழுத்துகளுக்கு 1988-ன் இஸ்கி அமைப்பையே எடுத்துக்கொண்டது. யூனிகோட்டில் 'க'வின் எண் 2965. 'ங'வின் எண் 2969. நடுவில் இருக்கும் மூன்று எண்களும் காலி. அவை தேவநாகரியின் மற்ற மூன்று ககரங்கள் உட்காரும் இடம். தேவநாகரி எழுத்தின் எண்ணோடு 640 கூட்டினால் அதற்கு இணையான தமிழ் எழுத்து வந்துவிடும். அதனால் 'ந'வுக்கு அடுத்து 'ன', 'ர'வுக்கு அடுத்து 'ற', 'ள'வுக்குப் பின் 'ழ' என்று, நாம் பள்ளியில் ஒப்பித்த வரிசையே கலைந்துவிட்டது.

இதில் தமிழறிஞர்களும் கணினி அறிஞர்களும் கொண்ட வருத்தம் நியாயமானது. 2010-ல் தமிழக அரசு யூனிகோட்டோடு சேர்த்து 'டேஸ் 16' என்ற தமிழ் அனைத்தெழுத்துக் குறிமுறையையும் தரமாக அறிவித்ததற்குப் பின்னால் அந்த வருத்தம் இருந்தது. ஆனாலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தயாராக ஓர் இந்தியத் தரம் இருந்ததால்தான் யூனிகோட்டின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. இல்லையென்றால் வரிசையில் நின்றிருப்போம். இடம் நம் விருப்பப்படி கிடைக்கவில்லை, உண்மை. அகர வரிசைப்படுத்தும் சிக்கலை மென்பொருள்கள் இப்போது தனி அட்டவணை வைத்துச் சமாளிக்கின்றன. இடமே கிடைக்காமல் போயிருந்தால் அதற்கு எந்த அட்டவணையும் உதவியிருக்காது.

பட்கருக்கு 2000-ல் பத்மஸ்ரீ, 2015-ல் பத்மபூஷண். சி-டாக்கை விட்டு வந்தபின் கல்வி நிறுவனங்கள் தொடங்கினார். 2017-ல் நாளந்தா பல்கலைக்கழக வேந்தரானார். பரம் வரிசை அவர் காலத்திலேயே 1998-ன் 'பரம் 10000' வரை வளர்ந்தது. இன்று தேசிய சூப்பர் கம்ப்யூட்டர் இயக்கத்தின் கீழ் நாடெங்கும் பரம் இயந்திரங்கள் ஓடுகின்றன. நம் திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட இயந்திரத்தின் பெயர் 'பரம் பொருள்'. புனேயின் முதல் பரமைவிடப் பல லட்சம் மடங்கு வேகம் கொண்டது அது. மாணவர்கள் அதில் கணக்குப் போடுகிறார்கள்.

இன்னொரு உண்மையும் உண்டு. 2018-ல் அதே புனேயில், பாஷாண் வானிலை நிறுவனத்தில், பருவமழையைக் கணிக்க 'பிரத்யூஷ்' என்ற பெரும் இயந்திரத்தை நிறுவினார்கள். அது கிரே நிறுவனத்தின் இயந்திரம். அன்று கிள்ளிக் கொடுத்ததை இன்று அள்ளி விற்கிறார்கள். பரம்களின் உள்ளே இருக்கும் செயலிகளும் வெளிநாட்டுச் சில்லுகள்தான். பிரிஸ்டல் சில்லில் தொடங்கிய அந்தக் குறை 30 ஆண்டு கடந்தும் தீரவில்லை. பட்கர் பணியாற்றிய திருவனந்தபுரம் மையம் பின்னாளில் சி-டாக்கோடு இணைந்தது. 'வேகா' என்ற உள்நாட்டுச் செயலிகள் அங்கேதான் உருவாகின்றன. சென்னை ஐ.ஐ.டி. 'சக்தி' செய்கிறது. இவை சூப்பர் கம்ப்யூட்டருக்குள் உட்காரும் அளவுக்கு வளர, அன்று கொடுத்ததைப் போல ஒரு கெடுவும் பணமும் நம்பிக்கையும் வேண்டும்.

தமிழ்க் கணிமையின் வரலாற்றைச் சொல்லும்போது சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, மலேசியாவின் முத்து நெடுமாறன், கனடாவின் சீனிவாசன், சுவிட்சர்லாந்தின் கல்யாணசுந்தரம் ஆகியோரை நன்றியோடு நினைக்கிறோம், நினைக்கத்தான் வேண்டும். கல்லூரிகளில் கணித்தமிழ் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் பட்டியலில் மோகன் தாம்பேயின் பெயரையும், அந்த வேலைக்குப் புனேயில் இடம் கொடுத்த விஜய் பட்கரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். குறை சொல்லும் இடத்தில் குறையையும் சொல்லுங்கள்.