எந்த வேலைக்கு எந்தப் போல்ற்?

விட்டுவந்த காணிக்குத் திரும்பிப் பயிர் செய்யத் தொடங்கும் குடும்பமாயினும், தங்கியிருக்கும் இடத்தில் குத்தகைக் காணியில் தோட்டம் செய்யும் குடும்பமாயினும், பெரும்பாலும் பழைய இயந்திரங்களைத் திருத்தியே வேலையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. மழையிலும் வெயிலிலும் நின்ற உழவு இயந்திரம், கைமாறி வந்த நீர்ப்பம்பி, பல இடங்களுக்கு ஏற்றி இறக்கிய கலப்பை ஆகியவற்றில் முதலில் மாற்றப்படுபவை போல்ற்றும் நட்டும்தான். அவற்றை நாம் நீளமும் தடிப்பும் பார்த்து வாங்குகிறோம். என்ன உலோகம், என்ன தரம் என்று கேட்பவர் குறைவு. ஆனால் விதைப்புக் காலத்தில் ஒரு போல்ற் முறிந்தால் நட்டம் அதன் விலையோடு நிற்பதில்லை. மண்ணில் ஈரம் இருக்கும் சில நாட்கள் வீணாகின்றன. கூலிக்கு வந்தவர் சும்மா இருக்க நேரிடுகிறது. சில வேளைகளில் ஒருவரின் கையோ காலோ காயப்படுகிறது.

தலையில் உள்ள இலக்கம்

மில்லிமீற்றர் அளவில் செய்யப்படும் நல்ல உருக்குப் போல்ற்றின் தலையில் 4.6, 8.8, 10.9, 12.9 என்று ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். இது அளவல்ல, வலிமையின் அடையாளம் ஆகும். புள்ளிக்கு முன்னுள்ள இலக்கத்தை 100 ஆல் பெருக்கினால், குறுக்குவெட்டின் ஒவ்வொரு சதுர மில்லிமீற்றரும் எத்தனை நியூட்டன் இழுவையில் அறும் என்பது தெரியும். புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கம், அதில் எத்தனை பத்திலொரு பங்குவரை இழுத்தால் போல்ற் நிரந்தரமாக நீளாமல் பழைய நிலைக்குத் திரும்பும் என்பதைக் காட்டுகிறது.

12 மில்லிமீற்றர் போல்ற்றை எடுத்துக்கொள்வோம். 4.6 தரமானால் ஏறத்தாழ 2 தொன் இழுவையில் அது நீளத் தொடங்கிவிடும். அதே தடிப்புள்ள 8.8 தரப் போல்ற் ஏறத்தாழ 5½ தொன் வரை தாங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. இலக்கம் மட்டுமே வேற்றுமையைச் சொல்லும்.

அமெரிக்க முறையில் அங்குல அளவில் செய்த போல்ற்றுகளில் இலக்கத்துக்குப் பதிலாகக் கோடுகள் இருக்கும். தலையில் மூன்று கோடுகள் இருந்தால் அது 5 ஆம் தரம், ஏறக்குறைய 8.8 க்குச் சமமானது. ஆறு கோடுகள் இருந்தால் 8 ஆம் தரம், ஏறக்குறைய 10.9 க்குச் சமமானது. எந்த அடையாளமும் இல்லாத போல்ற்றை மென்மையானது என்றே கருத வேண்டும். கூரை, வேலிக் கதவு, கோழிக்கூடு போன்றவற்றுக்கு அது போதும். சக்கரம், கலப்பைக் கொழு, இயந்திரத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் இடம் ஆகியவற்றுக்கு அது உதவாது.

வலிமை எங்கிருந்து வருகிறது?

4.6 தரம் காபன் குறைந்த மென்மையான உருக்கு. 8.8 தரத்துக்குக் காபன் சற்றுக் கூடிய உருக்கை எடுத்து, செந்தணலாகச் சூடாக்கி, சடுதியாகக் குளிரவைத்து, மீண்டும் அளவாகச் சூடாக்குகிறார்கள். கொல்லன் கத்திக்கு வாய் தோய்ப்பதும் இதே முறைதான். 12.9 தரத்துக்குக் குரோமியம் போன்ற வேறு உலோகங்கள் சேர்ந்த கலப்புருக்குப் பயன்படுகிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான பாடம் கிடைக்கிறது. 8.8 தரப் போல்ற்றை நெருப்பில் பழுக்கக் காய்ச்சினாலோ வெல்டிங் செய்தாலோ, தோய்த்ததால் வந்த வலிமை போய்விடும்; அல்லது ஒட்டிய இடம் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெறும். கறள் இறுகிய நட்டைக் கழற்றச் சூடாக்க நேர்ந்தால், அந்தப் போல்ற்றை மீண்டும் பூட்டாது புதியதொன்றைப் போடுங்கள்.

வலியது எப்போதும் நல்லதல்ல

சுழல் கலப்பை, புல்வெட்டி போன்ற சில கருவிகளில் வேண்டுமென்றே முறிவதற்கென ஒரு போல்ற் வைக்கப்பட்டிருக்கும். கல்லிலோ வேரிலோ கருவி சிக்கினால் அது முறிந்து பெரிய பற்சக்கரங்களைக் காப்பாற்றும். அடிக்கடி முறிகிறதே என்று அதற்குப் பதிலாக வலிய போல்ற்றைப் போட்டால், அடுத்த முறை முறிவது பற்சக்கரமாக இருக்கும். தயாரிப்பாளர் கூறிய தரத்தையே அங்கு போட வேண்டும்.

கடினமான உருக்குக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. 2013 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ - ஓக்லண்ட் பாலத்தின் புதிய பகுதியில், 3 அங்குலத் தடிப்புள்ள 96 உருக்குத் தண்டுகளை இறுக்கினார்கள். சில நாட்களில் அவற்றுள் 32 முறிந்தன. நாகம் பூசப்பட்ட, மிகக் கடினமான அந்தத் தண்டுகள் ஆண்டுக்கணக்காக நீர் தேங்கிய குழிகளில் நின்றன. ஐதரசன் உருக்கினுள் புகுந்ததனால் அது நொறுங்கும் தன்மை பெற்றிருந்தது. ஆகவே ஈரமான இடத்துக்கு 10.9, 12.9 போன்ற மிகக் கடினமான தரங்களைத் தேவையின்றித் தெரிவு செய்ய வேண்டாம். பண்ணை வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு 8.8 போதுமானது.

கறளும் உப்பும்

கறுப்பு நிற உருக்குப் போல்ற் எண்ணெய் படும் இடத்தில் நீடிக்கும். வெளியில் விரைவில் கறள் பிடிக்கும். வெள்ளியாகவோ மஞ்சளாகவோ மினுங்கும் போல்ற்றில் மெல்லிய நாகப் பூச்சு உண்டு. மழை படாத இடத்துக்கு அது நல்லது. உருகிய நாகத்தில் தோய்த்தெடுத்தது மங்கிய சாம்பல் நிறமாக, சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். அதன் பூச்சுத் தடிப்பானது. தண்ணீர்த் தாங்கியின் சட்டம், வேலித்தூண் போன்றவற்றுக்கு ஏற்றது. அதற்குப் புரி சற்று அகலமாக வெட்டப்பட்ட, அதற்கென்றே செய்த நட்டை வாங்க வேண்டும். சாதாரண நட் ஏறாது.

கறள் பிடிக்காத உருக்கில் இரண்டு வகைகள் பரவலானவை. ஏ2 என்பதில் ஏறத்தாழ நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 முதல் 10 பங்கு நிக்கலும் உண்டு. ஏ4 என்பதில் மொலிப்தனமும் 2 முதல் 3 பங்கு சேர்வதால் உப்புக்காற்றையும் உவர்நீரையும் கூடுதலாகத் தாங்கும். கடலோரக் கிணற்றுப் பம்பிக்கு ஏ4 சிறந்தது. ஆனால் விலை கூடியதால் அது வலிமையும் கூடியது என்று நினைக்கக் கூடாது. ஏ2-70 என்று பொறித்த 12 மில்லிமீற்றர் போல்ற் ஏறத்தாழ 4 தொன்னுக்குச் சற்றுக் குறைந்த இழுவையிலேயே நீளத் தொடங்கும். இது 8.8 ஐ விடக் குறைவு. மேலும், இவ்வகை நட்டை எண்ணெயின்றி வேகமாகச் சுழற்றினால் புரியோடு புரி ஒட்டி இறுகிவிடும். கிறீஸ் பூசி மெதுவாக இறுக்குங்கள்.

வேறு வேறு உலோகங்கள் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால், ஒன்று மற்றதற்காக அரிபடும். பித்தளை வால்வில் சிறிய இரும்புப் போல்ற்றைப் போட்டால் போல்ற் கெதியில் கரையும். அங்கு பித்தளையோ ஏ4 உருக்கோ பொருத்தமானது. அலுமினியப் பம்பி உடலில் கறள் பிடிக்காத உருக்கைப் போட்டால், உவர்நீரில் அலுமினியமே போல்ற்றைச் சுற்றி அரிபடும். இடையில் பிளாஸ்ரிக் வாசர் வைத்து, கிறீஸும் பூசினால் இது குறையும்.

நட்டும் புரியும்

8.8 தரப் போல்ற்றுக்கு 8 என்று பொறித்த நட்டும், 10.9 க்கு 10 என்று பொறித்த நட்டும் போட வேண்டும். மென்மையான நட் போட்டால் உள்ளே புரி உரிந்துவிடும். போல்ற் முறிந்தால் கண்ணுக்குத் தெரியும். புரி உரிந்தது தெரியாது. நைலோன் வளையமுள்ள நட் அதிர்வுக்கு நல்லது. ஆனால் புகைக்குழாய் அருகே சூட்டில் அதன் பிடி தளரும்.

பழைய பிரித்தானிய இயந்திரங்களில் அங்குலப் புரிகளும் யப்பானிய இயந்திரங்களில் மில்லிமீற்றர்ப் புரிகளும் இருப்பதுண்டு. அரை அங்குலப் போல்ற்றிலேயே பிரித்தானிய விற்வேத் முறையில் அங்குலத்துக்கு 12 புரியும், அமெரிக்க முறையில் 13 புரியும் உண்டு. நட் கையால் இரண்டு மூன்று சுற்று எளிதாக ஏறாவிட்டால், ஸ்பனரால் வலிந்து ஏற்ற வேண்டாம்.

வாங்கும்போது

போலி அடையாளம் பொறித்த போல்ற்றுகள் பெருகியதால், ஐக்கிய அமெரிக்கா 1990 ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. எனவே தர இலக்கத்தோடு தயாரிப்பாளரின் குறியும் தலையில் உள்ளதா என்று பாருங்கள். பழைய போல்ற்றைக் கடைக்குக் கொண்டுபோய் அதன் தலையைக் காட்டிக் கேளுங்கள். நடு மெலிந்த, நீண்ட, புரி சாய்ந்த பழைய போல்ற்றுகளைச் சக்கரத்துக்குப் போடாதீர்கள். பழைய இரும்பு தேடி, கண்ணிவெடி அகற்றப்பட்டதென அறிவிக்கப்படாத காணிக்குள் ஒருபோதும் செல்ல வேண்டாம்.

பூட்டிய பின் சில மணிநேரம் ஓட்டிவிட்டு, இயந்திரத்தை நிறுத்தி, எல்லாவற்றையும் மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள். ஒரே இழுவையில் முறியும் போல்ற்றுகளைவிட, தளர்ந்து அசைந்து அசைந்து களைத்து முறிபவையே அதிகம். அயலில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து 8, 10, 12 மில்லிமீற்றர் அளவுகளில் 8.8 தரப் போல்ற்றும் அதற்கேற்ற நட்டும் வாங்கி, தரம் எழுதிய தகரப் பேணிகளில் எண்ணெய் தடவி வைத்துக்கொண்டால், உழவு நாளில் நகரத்துக்கு ஓட வேண்டியதில்லை.