டிபிஎம் சிப்பில் என்ன எழுதியிருக்கிறது?

லினக்ஸ் ஓடும் மடிக்கணினி பக்கத்தில் இருந்தால் டெர்மினலைத் திறந்துகொள்ளுங்கள். டீ ஆறுவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும்.

2021-இல் விண்டோஸ் 11 வந்ததிலிருந்து டிபிஎம் என்ற பெயர் எல்லார் காதிலும் விழுந்திருக்கிறது. ‘அது இல்லையென்றால் விண்டோஸ் ஏறாது’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். மதர்போர்டில் தனிச் சிப்பாகவோ, இன்டெல், ஏஎம்டி பிராசசரோடு சேர்ந்த ஃபர்ம்வேராகவோ அது இருக்கும். சாவி உண்டாக்குவது, கையொப்பமிடுவது, கணினி கிளம்பிய விதத்தை அளந்து வைப்பது என்று அதற்குப் பல வேலை. நாம் பார்க்கப்போவது ஒரு மூலையை மட்டும்: மின்சாரம் போனாலும் அழியாமல் நிற்கும் சில கிலோபைட் நினைவகம். என்வி என்று சுருக்கிச் சொல்வார்கள்.

இதற்கான கருவிகள் டிபிஎம்2-டூல்ஸ் என்ற தொகுப்பில் உள்ளன. உபுண்டு, டெபியன், ஃபெடோரா எதிலும் கிடைக்கும். நிறுவியதும் டெவ் கோப்புறையில் டிபிஎம்ஆர்எம்0 இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்திலேயே டிபிஎம்0 என்றும் ஒன்று இருக்கும். அது சிப்புக்கு நேர்வழி, ஒரு நேரத்தில் ஒரு நிரலுக்குத்தான் இடம். ஆர்எம் சேர்ந்ததில் கெர்னல் நடுவில் நின்று வரிசைப்படுத்தும். 2017-இல் வந்த 4.12 கெர்னலிலிருந்து இந்த வசதி உண்டு. இரண்டுமே கண்ணில் படவில்லை என்றால் பெரும்பாலும் பயோஸில் அணைத்து வைத்திருப்பார்கள். ‘அனுமதி இல்லை’ என்று வந்தால் சுடோ போடுங்கள். பழைய 1.2 வகைச் சிப்புக்கு இந்தக் கருவிகள் ஒத்துவராது.

முதல் கட்டளை டிபிஎம்2_என்விரீட்பப்ளிக். இங்கே தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடைவெளி விடாமல் அடியுங்கள். பழைய கையேடுகளில் என்விலிஸ்ட் என்று இருக்கும். அதே வேலைதான், கருவியின் 4-ஆம் பதிப்பில் பெயரை மாற்றிவிட்டார்கள்.

ரேஷன் கடை வாசலில் இருப்புப் பலகை தொங்குமே, இந்தக் கட்டளை காட்டுவது அதைத்தான். எந்த எண்ணில், எவ்வளவு அளவில், என்ன நிபந்தனையோடு ஒரு பதிவு இருக்கிறது என்று தெரியும். மூட்டையைப் பிரித்துக் காட்டாது. அதனால் கடவுச்சொல்லும் கேட்காது.

ஒன்றுமே செய்யாத புதுக் கணினியில்கூட நாலைந்து பதிவுகள் வரலாம். ‘என் சிப்பில் யாரோ ஏதோ ஒளித்து வைத்திருக்கிறார்கள்’ என்று பதற வேண்டாம், அநேகமாகத் தயாரிப்பாளர் வைத்தவை. பதினறும எண் முறையில் 1சி00002 என்ற எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம். சிப்போடு பிறந்த ஆர்எஸ்ஏ சாவிக்கான சான்றிதழ் அங்கேதான் இருக்கும். எண்டார்ஸ்மென்ட் சான்றிதழ் என்பார்கள். நீள்வட்ட வளைவுச் சாவிக்கான சான்றிதழுக்கு 1சி0000ஏ.

அதன் கீழே ‘ஆட்ரிப்யூட்ஸ்’ என்றொரு வரி வரும். பலரும் அளவைப் பார்த்துவிட்டு இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், மொத்தப் பட்டியலிலும் நின்று படிக்க வேண்டியது இது ஒன்றுதான். நான் கண்ட ஒரு சிப்பில் இப்படி இருந்தது: பிபி-ரைட், ரைட்-டிஃபைன், பிபி-ரீட், ஓனர்-ரீட், ஆத்-ரீட், நோ-டிஏ, ரிட்டன், பிளாட்ஃபார்ம்-கிரியேட். ஓனர்-ரீட் இருப்பதால் கணினியின் உரிமையாளர் படிக்கலாம். ஓனர்-ரைட் இல்லை, ஆகவே நீங்கள் ரூட் ஆனாலும் எழுத முடியாது. பிபி-ரைட் என்பது ஃபர்ம்வேருக்கு உரிய அதிகாரம், இயங்குதளம் கிளம்புவதற்குள் அந்தக் கதவை ஃபர்ம்வேர் சாத்திவிடும். பிளாட்ஃபார்ம்-கிரியேட் இருக்கும் பதிவு, சிப்பை முழுவதும் துடைக்கும் டிபிஎம்2_கிளியர் கட்டளைக்கும் தப்பிவிடும். நீங்களாக உண்டாக்கிய பதிவுகள்தான் அதில் போகும்.

இனி உள்ளே இருப்பதைப் படிக்கலாம். டிபிஎம்2_என்விரீட், அதோடு உரிமையாளர் என்ற முறையில் கேட்பதாகச் சொல்லும் குறி, பிறகு எண். வருவதை ஒரு கோப்பில் போட்டு எக்ஸ்எக்ஸ்டி வழியாகப் பாருங்கள். முதல் இரண்டு பைட் 30, 82 என்று இருந்தால் அது டிஇஆர் வடிவச் சான்றிதழ். ஓப்பன்எஸ்எஸ்எல்லிடம் கொடுத்தால் வழங்கியவர் பெயர் தெரியும்: இன்ஃபினியான், எஸ்டிமைக்ரோ, நூவோட்டான், இப்படி. பிராசசரோடு வரும் டிபிஎம் சிலவற்றில் இந்த இடம் காலியாக இருக்கும், சான்றிதழைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து எடுக்க வேண்டும். எப்படி வந்தாலும் அது உங்கள் சிப்புக்கு மட்டுமே உரியது. உதவி கேட்கிறேன் என்று அப்படியே பொதுவெளியில் ஒட்டாதீர்கள்.

எழுதிப் பார்க்க ஆசை இருந்தால் எஸ்டபிள்யூடிபிஎம் என்ற மென்பொருள் டிபிஎம் இருக்கிறது, அதில் விளையாடுங்கள். என்விடிஃபைன் கொண்டு 32 பைட்டில் ஒரு பதிவு உண்டாக்குங்கள். எழுதும் முன்பே படித்தால் ‘துவக்கப்படவில்லை’ என்ற பிழை வரும். பட்டியலைப் பாருங்கள், ரிட்டன் என்ற சொல் இருக்காது. எதையாவது எழுதிவிட்டு மறுபடி பாருங்கள், அந்தச் சொல் வந்திருக்கும். கூடவே, ‘நேம்’ என்ற வரியில் இருந்த நீண்ட எண்ணும் மாறியிருக்கும். அந்தப் பெயர், பதிவின் எண்ணையும் நிபந்தனைகளையும் சேர்த்துப் போட்ட ஹேஷ். நிபந்தனையில் ஒரு பிட் மாறினாலும் பெயர் மாறும். அதே எண்ணில் தளர்வான நிபந்தனையோடு போலிப் பதிவு ஒன்றை வைத்து ஏமாற்ற முடியாமல் போவது இதனால்தான்.

கவுன்டர் வகைப் பதிவுக்கு இன்னும் கெட்டியான ஒரு குணம். ஏறும், இறங்காது. அழித்துவிட்டுப் புதிதாக உண்டாக்கினால் சுழியத்திலிருந்து தொடங்கும் என்று நினைப்போம். அதுவும் நடக்காது, சிப் அதுவரை கண்ட உச்ச எண்ணைத் தாண்டித்தான் புதுக் கவுன்டர் தொடங்கும். பழைய நிலைக்குத் திரும்பவிடாத காவல் வேலைக்கு என்வி நினைவகம் பெயர்போனது. குரோம்புக்கில் ஃபர்ம்வேர், கெர்னல் பதிப்பெண்களை இங்கேதான் குறித்து வைக்கிறார்கள். ஓட்டை உள்ள பழைய பதிப்பை யாராவது ஏற்றப் பார்த்தால் கிளம்பும்போதே மறுத்துவிடும்.

பட்டியலைப் பார்ப்பதால் ஒன்றும் கெடாது. கெடுப்பவை வேறு. நோ-டிஏ என்ற சொல் இல்லாத பதிவில் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தவறும் சிப்பின் கணக்கில் ஏறும், வரம்பு தாண்டினால் சிப் பூட்டிக்கொள்ளும். அப்போது அந்த ஒரு பதிவோடு நிற்காமல், அதே காவலில் இருக்கும் மற்றவையும் மாட்டிக்கொள்ளும். என்விஅன்டிஃபைன் பதிவையே நீக்கும், நீக்கியதை மீட்க வழியில்லை. சிஸ்டம்டி-பிசிஆர்லாக் பயன்படுத்துபவர்களின் வட்டுத் திறப்பு ஒரு என்வி பதிவை நம்பித்தான் இருக்கிறது. ‘இது எதற்கென்று தெரியவில்லையே’ என்று அதைத் தூக்கினால் அடுத்த முறை கணினி தானாகத் திறக்காது.

பிட்லாக்கரின் சாவியை இந்தப் பட்டியலில் தேடாதீர்கள். அது சிப் மட்டுமே பிரிக்கக்கூடிய உறைக்குள் வட்டிலேயே கிடக்கிறது. ஆனால் சிப்பைத் துடைத்தால் அந்த உறையைப் பிரிக்க ஆளில்லை. விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்கள், எழுதும் அல்லது நீக்கும் கட்டளை எதையும் தொடும் முன் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.