வார்டு டூ கோட்டை: வாலாஜாபாத்தில் ஏணி காணாமல் போன 5 ஆண்டுகள்!

ஓ.பன்னீர்செல்வம் 1996-ல் பெரியகுளம் நகராட்சித் தலைவர். 2001-ல் எம்.எல்.ஏ., அதே ஆண்டில் முதல்வர். தெருவிளக்கு, குடிநீர்னு ஆரம்பிக்கிற அரசியல் கோட்டை வரை போகும் என்பதற்கு இதுவே உதாரணம்.

அந்த முதல் படியே இல்லைன்னா? உத்திரமேரூர் தொகுதியிலுள்ள வாலாஜாபாத் பேரூராட்சியில் அதுதான் நடந்தது.

2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலின் அறிவிப்பை, இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான்.

10-ம் நூற்றாண்டிலேயே குடவோலை விதிகளைக் கல்வெட்டில் பொறித்த உத்திரமேரூர் இருப்பதும் இதே தொகுதியில்தான்.

குழாயில் தண்ணி வரலைன்னா மக்கள் முதலில் தேடுவது கவுன்சிலரை. அவர்களுக்குப் பதில் சொல்லிப் பழகியவரே நாளை சட்டமன்றத்தில் அந்தக் கேள்வியை எழுப்ப முடியும்.