வெட்டுக்கிளியின் உடலும் நமது உடலும்

பொகவந்தலாவையில் காலைப் பனி விலகுவதற்கு முன் போஞ்சிப் பாத்திப் பக்கம் போய்ப் பாருங்கள். இலை விளிம்பில் வெட்டுக்கிளி ஒன்று மரத்துப்போய் உட்கார்ந்திருக்கும். விரலை நீட்டினாலும் பாயாது. அதையே பத்து மணி வெயிலில் பிடிக்கப் போனால், சட்டென்று பாய்ந்து மானாப் புல்லுக்குள் மறைந்துவிடும். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் அதன் உடலமைப்பில் இருக்கிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளால் வீடு வாசலை இழந்தவர்களும், அதற்கு முன்பே அபாயப் பகுதி என்று லயங்களிலிருந்து எழுப்பப்பட்டவர்களும் இப்போது புதிய இடங்களில் பாத்தி போட்டிருக்கிறார்கள். புல் மண்டிக் கிடந்த நிலத்தைத் திருத்தினால், புல்லில் இருந்த வெட்டுக்கிளி போஞ்சிக்கும் கோவாவுக்கும் வரத்தான் செய்யும். உடனே யாராவது ஒருவர் பாதி மருந்துள்ள போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார். அந்த மூடியைத் திறப்பதற்கு முன், அந்தப் பூச்சியின் உடலையும் நமது உடலையும் கொஞ்சம் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

நமக்கு எலும்பு உள்ளே, சதை வெளியே. வெட்டுக்கிளிக்கு நேர்மாறு. அதன் உடலுக்குள் எலும்பே கிடையாது. நண்டைப் போல வெளியே ஓடு இருக்கிறது, தசைகள் அதன் உட்புறத்தில் ஒட்டியிருக்கின்றன. பிள்ளை வளர எலும்பும் வளரும். ஓடு அப்படி வளராது. ஆகவே வெட்டுக்கிளி வளர வேண்டுமானால் பழைய சட்டையைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட வேண்டும். முட்டையிலிருந்து வந்தது முதல் ஐந்தாறு தடவை இப்படித் தோலுரிக்கும். கடைசித் தடவைக்குப் பிறகுதான் முழுச் சிறகு கிடைக்கும். அதுவரை பாயுமே தவிரப் பறக்காது.

மூச்சு விடும் விதம் இன்னும் விசித்திரமானது. அதற்கு மூக்கும் இல்லை, நுரையீரலும் இல்லை. நெஞ்சின் இரு பக்கங்களிலும் வயிற்றின் இரு பக்கங்களிலும் பத்துச் சோடி சிறு துவாரங்கள் உண்டு. அவற்றின் வழியாகக் காற்று மெல்லிய குழாய்களுக்குள் புகுந்து, உடலின் ஒவ்வொரு மூலைக்கும் நேரே போகிறது. தலையை மட்டும் தண்ணீரில் அமுக்கினால் அது மூச்சுத் திணறிச் சாகாது! ஒக்சிசனைச் சுமக்கும் வேலை இரத்தத்துக்கு இல்லாததால் அந்த இரத்தம் சிவப்பாகவும் இல்லை. நிறமற்றோ இலேசான பச்சையாகவோ இருக்கும்.

நமது இருதயம் நெஞ்சுப் பக்கம். பிரதான நரம்பு முதுகெலும்புக்குள். வெட்டுக்கிளியின் இருதயம் முதுகுப் பக்கம் ஒரு நீண்ட குழாயாக ஓடுகிறது. பிரதான நரம்பு வயிற்றுப் பக்கம். காதோ வயிற்றின் முதல் வளையத்தில், சிறகுக்கு அடியில். கண்கள் ஐந்து: பல சிறு கண்கள் சேர்ந்த பெரிய கண் இரண்டு, நடுவில் பொட்டுப் போன்ற சிறு கண் மூன்று. தாடை நம்முடையதைப் போல மேலும் கீழும் அசையாமல் கத்தரிக்கோல் போலப் பக்கவாட்டில் வெட்டும். இலையை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வருவது அதனால்தான். பின்னங்காலில் மட்டும் கொஞ்சம் உறவு தெரிகிறது. அதற்கும் தொடை, கெண்டைக்கால், பாதம் என்று உண்டு. ஆனால் பாய்வதற்கு முன் முழங்காலில் உள்ள வில் போன்ற பகுதியை வளைத்து வைத்து, உண்டிவில் விடுவதைப் போல ஒரே நொடியில் விடுவிக்கிறது.

நமது உடல் பனியிலும் வெயிலிலும் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ் சூட்டை வைத்துக்கொள்கிறது. வெட்டுக்கிளிக்குச் சொந்தச் சூடு போதாது. வெயிலிடம் கடன் வாங்க வேண்டும். நாலாயிரம் அடிக்கு மேல் உள்ள நமது ஊரில் விடியற்காலையில் அந்தக் கடன் கிடைப்பதில்லை. அதுதான் அந்தச் சோம்பல்.

இவ்வளவு வித்தியாசங்களைச் சொன்னோம். இனி ஒற்றுமையைச் சொல்ல வேண்டும். அது நரம்பில் இருக்கிறது.

ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் செய்தி அனுப்பும்போது அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தைச் சிந்துகிறது. செய்தி சேர்ந்ததும் ஒரு நொதியம் அதை உடனே துடைத்துவிடும். பிரட்டுக்குக் கொம்பு ஊதினால் ஆட்கள் சேர்வார்கள். ஊதுவது நிற்காமலே இருந்தால் என்ன ஆகும்? குழப்பந்தான். ஓகனோபொசுபேற்று, காபமேற்று வகை மருந்துகள் அந்தத் துடைக்கும் நொதியத்தைக் கட்டிப்போடுகின்றன. செய்தி நிற்காமல் போக, வெட்டுக்கிளி துடிதுடித்துச் சாகிறது. இதே இரசாயனமும் இதே நொதியமும் நமது நரம்புகளிலும், நரம்பு தசையோடு சேரும் இடங்களிலும் வேலை செய்கின்றன. மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது.

இந்த வகையில் மிகக் கொடிய மொனோக்குரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் ஆகியவற்றை இலங்கை 1995இல் தடைசெய்தது. டைமெதோவேற்றும் பென்தியனும் 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாக நிறுத்தப்பட்டன. அவற்றுக்குப் பூச்சி சாகவில்லை என்று யாரும் சொல்லவில்லை. மனிதர் செத்ததுதான் காரணம்.

இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு இது இரட்டை ஆபத்து. ஒரே அறையில் அரிசியும் பாயும் பிள்ளையும் இருக்க, மருந்துப் போத்தலும் அங்கேதான் இருக்கிறது. லேபல் இல்லாத சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பதைப் பல இடங்களில் பார்க்கிறோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாயால் மட்டுமல்ல, நனைந்த சட்டை வழியாகத் தோலுக்குள்ளும் இந்த மருந்து இறங்கும். மருந்தடித்தவருக்கு எச்சில் ஒழுகினால், அளவுக்கு மீறி வியர்த்தால், வாந்தி வந்தால், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கினால், தசை துடித்தால், மூச்சு முட்டினால் தாமதிக்க வேண்டாம். சட்டையைக் கழற்றி, உடலைச் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். போத்தலை லேபலோடு கையில் எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்து என்று வைத்தியருக்குத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அப்படியானால் பயிரை விட்டுவிடுவதா? இல்லை. பூச்சியின் உடல் நம்மிடமிருந்து எங்கே வேறுபடுகிறதோ அங்கே அடிக்கலாம்.

முதலாவது, அந்தக் காலைச் சோம்பல். வெயில் ஏறுமுன் ஒரு வாளியில் சவர்க்காரத் தண்ணீரோடு போய்க் கையால் பொறுக்கிப் போடுங்கள். சவர்க்காரம் கலந்த தண்ணீர் அந்தப் பக்கத் துவாரங்களுக்குள் எளிதில் புகும். அதையே வளர்ந்த வெட்டுக்கிளி மேல் தெளித்தால் பெரிய பலன் இருக்காது. மருந்து படாத தோட்டமென்றால் பிடித்ததைக் கோழிக்கும் போடலாம். திருமுழுக்கு யோவானே வனாந்தரத்தில் வெட்டுக்கிளி சாப்பிட்டவர்தானே! ஆனால் மஞ்சள் புள்ளிகளுள்ள பெரிய வெட்டுக்கிளியை மட்டும் கோழிக்குப் போடாதீர்கள். கோப்பி வெட்டுக்கிளி என்றும் சொல்லப்படும் அது, தொட்டால் நெஞ்சிலிருந்து நச்சு நுரையைக் கக்கும். 2020 மே மாதம் குருநாகல் மாவட்டம் மாவத்தகமையில் பயிர்களைத் தின்று பரபரப்பை உண்டாக்கியது இதுதான். அதே மாதங்களில் இந்தியாவின் ராஜஸ்தானில் புகுந்த பாலைவன வெட்டுக்கிளி வேறு இனம்.

இரண்டாவது, தோலுரித்தல். வேப்பம் பருப்பில் உள்ள சத்து பசியைக் குறைத்து, தோலுரிக்கும் ஒழுங்கையும் கெடுக்கிறது. நாம் தோலுரிப்பதில்லை. வேம்பு நமது குளிரில் வளராது. வன்னிப் பக்கம் உறவினர் இருந்தால் விதை கேட்டு வாங்குங்கள். பருப்பை இடித்து, லீற்றருக்கு 50 கிராம் வீதம் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, சிறிது சவர்க்காரம் கலந்து மாலையில் தெளியுங்கள். சிறகு முளைக்காத குஞ்சுகளிடம்தான் இது நன்றாக வேலை செய்யும். இதையும் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். வேப்பெண்ணெய் வயிற்றுக்குள் போய் ஆபத்தான குழந்தைகளும் உண்டு.

மூன்றாவது, முட்டை. நமது பிள்ளை தாயின் வயிற்றில் வளர்கிறது. வெட்டுக்கிளியின் பிள்ளை மண்ணில். பெண் வெட்டுக்கிளி வயிற்று நுனியை மண்ணுக்குள் இறக்கி, முட்டைகளை நுரையால் மூடி வைக்கும். நுரை காய்ந்து ஒரு சிறு பையாகும். பாத்தி ஓரத்தையும் புல் விளிம்பையும் ஒரு சாண் ஆழத்துக்கு மண்வெட்டியால் கொத்திப் புரட்டி வெயிலில் விட்டால் போதும். மிச்சத்தைக் கோழியும் மைனாவும் பார்த்துக்கொள்ளும்.