கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது

வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கும் குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் கொடுக்க வேண்டும். மருத்துவம் எழுதுகிற யாரும் ஒரு லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்பு என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள். ஆனால் அதைப் படிக்கிற தாய் ராத்திரி நேரத்தில், வீட்டில் இருக்கிற ஏதோ ஒரு கரண்டியோடு நிற்கிறாள். உப்பு தூக்கலாகிவிட்டால் குழந்தைக்கே ஆபத்து. ‘வேர் தேர் இஸ் நோ டாக்டர்’ என்ற புத்தகம் அங்கே ஒரு வரி சேர்க்கிறது: சர்க்கரை போடுவதற்கு முன் ருசித்துப் பாருங்கள், கண்ணீரைவிடக் கரிப்பு குறைவாக இருக்க வேண்டும். அந்த ஒரு வரிக்காகவே இதை எழுதியவருக்குக் கும்பிடு போடலாம்.

அவர் டேவிட் வெர்னர். டாக்டர் இல்லை, உயிரியல் படித்த அமெரிக்கப் பள்ளி ஆசிரியர். 1960-களின் நடுவில் மெக்சிகோவின் மேற்கு மலைப்பகுதிக்குப் போனவர், சினலோவா மாநிலத்து அஹோயா கிராமத்தில் ஊர்க்காரர்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கும் வேலையில் இறங்கினார். அந்த மலைவாசிகளுக்காக ஸ்பானிய மொழியில் 1973-ல் வந்த புத்தகம், 1977-ல் ஆங்கிலத்துக்கு வந்தது. பிறகு எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போனது. இந்தியப் பதிப்பை டெல்லியில் உள்ள தன்னார்வ சுகாதாரச் சங்கம் வெளியிட்டது.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மாத்திரை கொடுத்தனுப்புவது எப்படி? காலைச் சூரியன், உச்சி வெயில், மாலைச் சூரியன், நிலா என்று நான்கு படம் போட்டு, அதனதன் கீழே மாத்திரையை வரையச் சொல்கிறார். அரை மாத்திரை என்றால் பாதி வட்டம். ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் இன்றும் இந்த அக்கறையைப் பார்ப்பது அபூர்வம்.

எப்போது மருந்து கொடுக்க வேண்டும் என்று சொல்ல நூறு புத்தகங்கள் உண்டு. எப்போது கொடுக்கக் கூடாது என்பதற்கு வெர்னர் அதே அளவு இடம் தருகிறார். ஊசி போடாத டாக்டரை டாக்டராகவே மதிக்காத ஊர்கள் நம் பக்கமும் இருப்பதால், தேவையில்லாத ஊசியின் ஆபத்தைப் பற்றிய பகுதி நமக்கும் பொருந்தும். பாட்டி வைத்தியத்தை அவர் மொத்தமாகப் புகழவுமில்லை, ஒதுக்கவுமில்லை. எது உதவும், எது கெடுக்கும் என்று பிரித்துக் காட்டுகிறார்.

தன் கைக்கு மீறியது எது என்பதையும் அந்தப் புத்தகம் அறிந்திருக்கிறது. இந்த அறிகுறி தெரிந்தால் காத்திருக்காதே, மருத்துவ உதவி தேடு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. நோயாளியைத் தூக்கிப்போக வழியில்லையா? அதற்கும் ஒரு படிவம் வைத்திருக்கிறது. நாடித் துடிப்பு, காய்ச்சல், மூச்சு, சிறுநீர் எல்லாவற்றையும் அதில் குறித்து ஒரு ஆளிடம் கொடுத்தனுப்பினால், வர முடியாத டாக்டர் அதைப் பார்த்தாவது யோசனை சொல்லலாம்.

நம் பதிப்பாளர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. உடல்நலம், சட்டம், விவசாயம் என்று எதைப் பற்றிய தமிழ்ப் புத்தகத்தைப் புரட்டினாலும் கடைசியில் சொல்லடைவு இருப்பதில்லை. பாம்பு கடித்தவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்திலிருந்தா படிப்பது? வெர்னரின் புத்தகத்தில் மருந்து அளவுகளுக்குப் பச்சைப் பக்கங்கள், அடைவுக்கு மஞ்சள் பக்கங்கள். பதற்றத்தில் இருக்கிற கைக்கு நிறம்தான் முதலில் தட்டுப்படும்.

லாபத்துக்காக இல்லாதவரை யாரும் அனுமதி கேட்காமலே படியெடுக்கலாம், தங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று புத்தகமே சொல்லிவிடுகிறது. குறைகளை எழுதி அனுப்பவும் கேட்கிறது. எய்ட்ஸ் போன்றவை பரவியபோது, பிந்தைய பதிப்புகளில் அவற்றுக்காக நீலப் பக்கங்கள் சேர்ந்தன.