கரை வரை வந்த மீன் கைநழுவுவது ஏன்? பெரிய பாஸ் மீனுக்கு எவ்வளவு பலமான தூண்டில் வேண்டும்?

தண்ணீரில் ஒரு சுழிப்பு. ராட் வில்லாக வளைகிறது. ரீல் கிறீச்சிடுகிறது. பத்து நொடியில் ஒரு பெரிய மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே துள்ளி, தலையை இப்படியும் அப்படியும் உதறுகிறது. ‘டப்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மீனும் போச்சு, முள்ளும் போச்சு. காற்றில் ஆடும் வெறும் நரம்புதான் மிச்சம்.

அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பிடித்த மீனைவிட இப்படித் தப்பிய மீனைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். மறுநாளே கடைக்குப் போய், “இருக்கிறதிலேயே தடிமனான நரம்பு கொடுங்க” என்று கேட்பதும் வழக்கம். ஆனால் தடிமனான நரம்பு மட்டும் போதுமா? உண்மையில் உடைந்தது எது? அதைத் தெரிந்துகொள்ளாமல் புதுசு வாங்கினால் பணமும் போகும், அடுத்த மீனும் போகும்.

பாஸ் என்பது எந்த மீன்?

இங்கே சொல்லப்படுவது ‘லார்ஜ்மவுத் பாஸ்’. பெயருக்கு ஏற்ற பெரிய வாய். மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் நீளும். வட அமெரிக்காவைச் சேர்ந்த நன்னீர் மீன் இது. நம்ம ஊர் கொடுவாவையும் ‘சீ பாஸ்’ என்று அழைப்பதால் இரண்டும் ஒன்று எனச் சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பங்கள்.

லார்ஜ்மவுத் பாஸ் துரத்தி வேட்டையாடுவதைவிடப் பதுங்கித் தாக்குவதையே விரும்பும். நீர்ப்பாசி, தாமரை இலை, மூழ்கிய மரக்கட்டை, படகுத்துறைத் தூண் எனக் கிடைத்த இடத்தில் ஒளிந்திருக்கும். முள்ளில் மாட்டியதும் திரும்பி ஓடுவதும் அந்த மறைவிடத்துக்குத்தான். பெரிய பாஸ் கைநழுவ முக்கியக் காரணமே இதுதான்.

சாதனை மீன்களைப் பிடித்தவர்கள் யார்?

1932 ஜூன் 2. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், மாண்ட்காமரி ஏரி. பொருளாதாரப் பெருமந்தத்தின் கடுமையான காலம் அது. ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 10.1 கிலோ எடையுள்ள பாஸ் ஒன்றைப் பிடித்தார். மீன் கடித்தபோது எதுவும் அசையாததால், முள் எங்கோ சிக்கிவிட்டது, மீன் போய்விட்டது என்றுதான் அவர் முதலில் நினைத்தாராம். எடை போட்ட பிறகு அந்த மீன் நேராக வீட்டுச் சமையலறைக்குப் போனது.

அந்தச் சாதனையை 77 ஆண்டுகள் யாராலும் தொட முடியவில்லை. 2009 ஜூலை 2-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா பிடித்த பாஸ் 22 பவுண்டு 4.97 அவுன்ஸ் இருந்தது. பெர்ரியின் மீனைவிட ஒரு அவுன்ஸ்கூட முழுதாக அதிகமில்லை. சர்வதேச விளையாட்டு மீன்பிடிப்பு அமைப்பான ஐ.ஜி.எஃப்.ஏ விதிப்படி, 25 பவுண்டுக்குக் குறைந்த மீன் என்றால் பழைய சாதனையை 2 அவுன்ஸாவது தாண்ட வேண்டும். அதனால் 2010 ஜனவரியில் இருவரும் சமம் என அறிவிக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது குரிடா பயன்படுத்திய நரம்பு. அது 25 பவுண்டு ரகம். மீன் இருந்தது பாலத் தூண் பக்கத்தில். அங்கே நரம்பு மெலிதாக இருந்திருந்தால், தூணில் உரசி அறுந்து, அந்த மீனும் ‘தப்பிப்போன கதை’ ஆகியிருக்க வாய்ப்பு அதிகம்.

10 பவுண்டு மீனுக்கு 10 பவுண்டு நரம்பு போதுமா?

பலர் குழம்பும் இடம் இது. நரம்பின் அட்டையில் உள்ள ‘12 பவுண்டு’ என்பது மீனின் எடை அல்ல. நரம்பு எவ்வளவு இழுவிசை வரை தாங்கும் என்பதன் அளவு.

மீனுக்குள் காற்றுப்பை இருப்பதால் தண்ணீருக்குள் அதற்கு எடையே இல்லாத மாதிரிதான். அதனால் 10 பவுண்டு மீனை 8 பவுண்டு நரம்பிலும் கரைக்குக் கொண்டுவர முடியும், அவசரப்படாமல் விளையாட்டுக் காட்டினால். ஆனால் அதே மீனை வலை இல்லாமல் நரம்பைப் பிடித்துத் தூக்கினால், தண்ணீரை விட்டு வெளியே வந்த நொடியில் முழு எடையும் நரம்பில் விழும். கூடவே ஒரு உதறல். படகோரத்தில் மீன்கள் தப்ப இது ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. நைலான் நரம்பு ரப்பர் மாதிரி கொஞ்சம் நீளும். 20 மீட்டர் தூரத்தில் மீன் இருக்கும்போது அந்த நீட்சி திடீர் இழுப்பைத் தாங்கிக்கொள்ளும். மீன் படகுக்கு 2 மீட்டர் பக்கத்தில் வந்துவிட்டால் நீளுவதற்கு நரம்பே இல்லை. அந்தக் கடைசி இழுப்பு மொத்தமும் முடிச்சில்தான் இறங்கும்.

எது தோற்றது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மீன் போன வருத்தத்தில் நரம்பைச் சுருட்டிவிடக் கூடாது. அறுந்த நுனியை முதலில் பார்க்க வேண்டும். அதில் துப்பு இருக்கும்.

நுனி சுருள் சுருளாகப் பன்றி வால் மாதிரி இருந்தால், முடிச்சு நழுவியிருக்கிறது. தப்பு நரம்பில் இல்லை, கட்டிய கையில்.

நுனிக்கு மேலே நரம்பு சொரசொரப்பாக, வெள்ளையாகத் தேய்ந்திருந்தால், பாறையிலோ கட்டையிலோ உரசி அறுந்திருக்கிறது. இதற்குத்தான் பலமான நரம்பு தேவை.

முள் திரும்பி வந்து, ஆனால் நிமிர்ந்துபோயிருந்தால், முள்ளின் கம்பி மெல்லியது அல்லது ரீல் அதிகமாக இறுக்கப்பட்டிருக்கிறது.

முள் நல்லபடியாகத் திரும்பி வந்தால், அது சரியாகக் குத்தவில்லை அல்லது மீன் துள்ளியபோது நரம்பு தொய்ந்துபோயிருக்கிறது. இந்த இடத்தில் எவ்வளவு தடிமனான நரம்பு வாங்கினாலும் பயனில்லை.

டிராக்: ரீலில் இருக்கும் பாதுகாப்பு வால்வு

ரீலில் ‘டிராக்’ என்று ஒரு அமைப்பு உண்டு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் மீன் இழுத்தால், நரம்பு அறுவதற்குப் பதில் வெளியே ஓட இது வழி விடும். பிரஷர் குக்கரின் வெயிட் செய்யும் வேலை மாதிரிதான்.

பொதுவான கணக்கு இதுதான்: நரம்பின் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை டிராக் இருக்கலாம். 12 பவுண்டு நரம்பு என்றால் 3 முதல் 4 பவுண்டு. கையால் இழுத்துப் பார்த்து ஊகிப்பதைவிட, ஒரு ஸ்பிரிங் தராசை நரம்பில் கட்டி இழுத்துப் பார்ப்பது நல்லது.

மீதிப் பலத்தை எதற்கு வீணாக விட வேண்டும் என்று கேட்கலாம். முடிச்சு கொஞ்சம் பலத்தைத் தின்னும். ராட் வளையங்களில் உரசல் கொஞ்சம் தின்னும். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு போகும்போது ரீலில் சுற்று குறையும். சுற்றின் விட்டம் பாதியானால், அதே டிராக்குக்கு இழுவிசை இரண்டு மடங்காகும். தொடக்கத்திலேயே முழுசா இறுக்கி வைத்தால் நடுவில் அறுவது நிச்சயம்.

மூன்று வகை நரம்பு: எது எங்கே?

நைலான் நரம்பு விலை குறைவு, கட்டுவது சுலபம். அதன் நீட்சி புதியவர்களின் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் தண்ணீரை உறிஞ்சினால் பலம் குறையும். வெயிலில் கிடந்தால் கெட்டுப்போகும்.

ஃப்ளூரோகார்பன் தண்ணீரை உறிஞ்சாது, மூழ்கும், உரசலைத் தாங்கும். ஒளி இதில் வளையும் அளவு தண்ணீரில் வளைவதற்கு நெருக்கமாக இருப்பதால், நைலானைவிட மீன் கண்ணில் படுவது குறைவு. முடிச்சை நனைக்காமல் இறுக்கினால் உரசல் சூட்டிலேயே பலவீனமாகிவிடும் என்பதுதான் இதன் பலவீனம்.

பின்னல் நரம்பு எனப்படும் பிரெய்டு, மெல்லிய பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்வது. 30 பவுண்டு பிரெய்டு, 8 பவுண்டு நைலான் அளவுக்குத்தான் தடிமன் இருக்கும். நீட்சி கிட்டத்தட்ட இல்லை. பாசியை அறுத்துக்கொண்டு வரும். ஆனால் கூரான பாறையில் பட்டால் எளிதில் அறுபடும். தெளிந்த நீரில் நன்றாகத் தெரியவும் செய்யும்.

ஆக, மறைவிடம் அதிகமில்லாத திறந்த நீர் என்றால் 10 முதல் 12 பவுண்டு நரம்பே போதும். கட்டை, தூண், பாறை என்றால் 15 முதல் 20 பவுண்டு ஃப்ளூரோகார்பன். பாசியும் தாமரையும் அடர்ந்த இடம் என்றால் 50 முதல் 65 பவுண்டு பிரெய்டு. கடைசி வகையில் டிராக் கணக்குக்கும் விதிவிலக்கு உண்டு. அங்கே மீனை ஓட விட்டால் பாசிக்குள் புகுந்துவிடும். அதனால் டிராக்கை நன்றாக இறுக்கி, கடித்த வேகத்தில் வெளியே இழுப்பார்கள்.

நரம்பை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்?

ஒன்றைப் பலப்படுத்தினால் அடுத்த பலவீனமான இடம் உடையும். 65 பவுண்டு பிரெய்டை மெல்லிய ராடில் கட்டினால் ராட் முறியலாம், இல்லையென்றால் முள் நிமிரும். ராடின் அடிப்பகுதியில் எத்தனை பவுண்டு நரம்புக்கு உரியது என எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

ராடில் ‘பவர்’ என்பது எவ்வளவு விறைப்பு என்பதைச் சொல்லும். ‘ஆக்‌ஷன்’ என்பது எந்த இடத்தில் வளையும் என்பதைச் சொல்லும். நுனி மட்டும் வளைவது ஃபாஸ்ட். ஒற்றை முள்ளை மீனின் கெட்டியான தாடையில் இறக்க, 7 அடி நீள மீடியம் ஹெவி பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன் ராடைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். மும்முனை முள் உள்ள செயற்கை இரைக்கு இதுவே எமன். சின்ன முள் சதையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அதற்கு நடுப்பகுதி வரை வளையும் ராட்தான் பொருத்தம்.

முள்ளின் எண்ணிலும் ஒரு குழப்பம் உண்டு. 2, 4, 6 என எண் கூடக்கூட முள் சிறியதாகும். ஆனால் 1/0, 3/0, 5/0 என வந்தால் எண் கூடக்கூடப் பெரியதாகும். பெரிய பாஸுக்கு ரப்பர் புழு மாட்ட 3/0 முதல் 5/0 வரை பொதுவாகப் பயன்படுகிறது. முள் முனையை நகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தால், கீறினால் கூர்மை இருக்கிறது, வழுக்கினால் மாற்ற வேண்டும்.

காசு செலவில்லாத பலம்

முடிச்சைத் தண்ணீரில் நனைத்து மெதுவாக இறுக்குவது. பிரெய்டுக்கும் நம்பிக்கையான பாலோமர் முடிச்சைப் பழகிக்கொள்வது. சில மீன்களுக்கு ஒருமுறை கடைசி ஒன்றிரண்டு அடி நரம்பை விரலால் வருடிப் பார்த்து, சொரசொரப்பு இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுவது. மீன் துள்ளும்போது ராடைத் தாழ்த்தி, நரம்பு தொய்யாமல் பார்த்துக்கொள்வது. கடைசியில் வலையால் அள்ளுவது. தப்பும் மீன்களில் பெரும்பகுதியை இந்த ஐந்துமே தடுத்துவிடும்.

மீனுக்கும் இதில் லாபம் உண்டா?

உண்டு. அமெரிக்காவில் பெரிய பாஸைப் பிடித்துவிட்டு மறுபடி தண்ணீரில் விடுவது பரவலான பழக்கம். மெல்லிய நரம்பில் நெடுநேரம் போராடும் மீனின் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்ந்து களைத்துப்போகும். வெந்நீர்க் காலத்தில் விட்ட பிறகும் பிழைக்காமல் போகலாம். நரம்பு அறுந்தால் முள் வாயிலேயே தங்கும். பின்னால் இழுபடும் நரம்பு பறவையின் காலையும் சுற்றும். சரியான பலமுள்ள தூண்டில் போராட்டத்தைச் சில நிமிடங்களில் முடித்துவிடும்.

பிவா ஏரியில் கதையே வேறு. அங்கே பாஸ் வெளியிலிருந்து வந்து உள்ளூர் மீன்களை விழுங்கும் அந்நிய இனம். பிடித்த பாஸை மறுபடி ஏரியில் விட ஷிகா மாகாணம் தடை விதித்திருக்கிறது.

நம்ம ஊர்க் கழிமுகங்களில் கொடுவாவுக்குத் தூண்டில் போடுபவர்களுக்கும் பாடம் ஒன்றுதான். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி கூர்மை. அதனால் முள்ளுக்கு முன்னால் ஒரு தடிமனான நரம்புத் துண்டைக் கட்டுவது அவசியம்.

பெரிய மீன் வருடத்துக்கு ஒருமுறை கடித்தாலே அதிர்ஷ்டம். அது கடிக்கும் நாளில் முடிச்சைச் சோதிக்க நேரம் இருக்காது. தப்பிப்போன மீனுக்காக வருத்தப்படும் முன், அறுந்த நுனியை ஒருமுறை விரலில் பிடித்துப் பார்த்தால் போதும். அடுத்து வாங்க வேண்டியது நரம்பா, முள்ளா, ராடா, இல்லை எதுவுமே வேண்டாமா என்பதை அதுவே சொல்லிவிடும்.