கண்மாய்க் கரை ஏறினால் கேட்கும்

சித்திரை வெயில் உச்சிக்கு வந்த நேரம், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில் நின்று அண்ணாந்து பாருங்கள். பருந்து ஒன்று இறக்கையை ஒருமுறைகூட அடிக்காமல் வட்டம் போட்டபடியே மேலே போய்க்கொண்டிருக்கும். வெடித்துக் காய்ந்த கரிசல் தரை சூடேற்றிய காற்று தூணாக எழும்புகிறது. பருந்து அதில் ஏறிக்கொள்கிறது. ஹேங் கிளைடரில் படுத்தவாக்கில் தொங்கிப் பறப்பவர் செய்வதும் அதே வேலைதான்.

இதற்கு மலை வேண்டாமா என்று கேட்கலாம். நம்மூரில் பறக்க ஆசைப்படுகிறவர்கள் ஏலகிரியையும் இமாச்சலத்தின் பிர்-பில்லிங்கையும் தேடிப்போவதால் வரும் கேள்வி அது. 2012 ஜூலை 3 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சபாட்டா என்ற ஊரிலிருந்து டஸ்டின் மார்ட்டின் ஹேங் கிளைடரில் 764 கிலோமீட்டர் பறந்தார். கூடவே பறந்த ஆஸ்திரேலியர் ஜானி டுராண்ட் சில கிலோமீட்டர் முன்னதாக இறங்கினார். அங்கே மலை கிடையாது. குட்டி விமானம் ஒன்று கயிறு கட்டி இழுத்துப்போய் மேலே விட்டுவிடும். தட்டைத் தரை, வறட்சி, கண்ணுக்கெட்டிய தூரம் மெஸ்கீட் மரம். மெஸ்கீட் வேறு யாருமில்லை, நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி.

இப்படிப்பட்ட பூமியில் பறப்பவருக்கு இறக்கைக்கு அடுத்த துணை, கையடக்க ரேடியோ. வாக்கி டாக்கி வாங்கப் போனால் முதலில் வாயில் வருவது, "எத்தனை கிலோமீட்டர் எடுக்கும்?" அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறவை; பூமியின் வளைவு எங்கே மறைக்கிறதோ அங்கே பேச்சு முடிந்தது. கணக்கு எளிது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.1-ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று தெரியும். 1,000 மீட்டர் உயரத்தில் பறப்பவருக்கு அது 130 கிலோமீட்டர். தரையில் நின்று முகத்துக்கு நேரே ரேடியோவைப் பிடித்திருப்பவருக்கு 5 கிலோமீட்டர்.

அதனால் வானில் இருக்கும்வரை அரை வாட் ரேடியோகூடத் தாராளம். ஐந்து வாட் வாங்கினாலும் அடிவானம் ஓர் அடி நகராது. இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பேசலாம். எந்த அலைவரிசையிலும் பேசும் மலிவு ரேடியோவை வாங்கி இஷ்டத்துக்குத் திருப்புவது சட்டப்படி குற்றம். இணையக் கடைகள் அலைவரிசையையும் உரிமத் தேவையையும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் வழிகாட்டுதல் கொண்டுவந்ததே இதற்காகத்தான். அரசுத் தேர்வெழுதி ஹாம் உரிமம் பெற்றவருக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸும் உண்டு. வடக்கே மதுரை விமான நிலையம் இருக்கிறதே, அதனோடு பேச முடியுமா? முடியாது. விமானங்கள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸுக்குள் ஏ.எம். முறையில் பேசுகின்றன, நம் ரேடியோ எஃப்.எம். எஃப்.எம்.மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுத்தவர் குரல் மற்றதை விழுங்கிவிடும். ஏ.எம்.மில் கரகரப்பாகவாவது இன்னொருவர் இருப்பது தெரிந்துவிடும். விமானத் துறை பழைய முறையைக் கைவிடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

வாங்கியதைப் பொருத்துவதில்தான் வித்தை இருக்கிறது. ஹேங் கிளைடர்காரர் குப்புறத் தொங்குகிறார். மார்புப் பையில் வைத்த ரேடியோவின் ஆன்டெனாவும் அவரோடு சேர்ந்து படுத்துக்கொள்கிறது. கீழே, அவரை ஏற்றிக்கொள்ளப் பின்தொடர்ந்து வரும் காரின் ஆன்டெனா நெட்டுக்குத்தாக நிற்கிறது. ஒன்று படுத்து, ஒன்று நின்றால், சேரும் சக்தி நூறில் ஒரு பங்காகக்கூடக் குறையலாம். போதாததற்கு ஆன்டெனாவை ஒட்டியிருக்கும் உடம்பு தன் பங்குக்கு உறிஞ்சிக்கொள்ளும். ஆன்டெனா உடம்பை விட்டு விலகி, பறக்கும்போது செங்குத்தாக நிற்கும்படி கட்டவேண்டும். 446 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 17 சென்டிமீட்டர்தான் என்பதால் அது பெரிய தொந்தரவும் இல்லை.

இரண்டு கையும் பிடிக்கம்பியில் இருப்பதால் பேசும் பொத்தானை விரலில் கட்டிக்கொள்வார்கள். மைக்கும் இயர்போனும் ஹெல்மெட்டுக்குள். குரல் கேட்டதும் தானே இயங்கும் 'வாக்ஸ்' வசதியை அணைத்துவிடுங்கள். முகத்தில் அறையும் காற்றின் இரைச்சலைப் பேச்சு என்று நினைத்து அது ஓயாமல் ஒலிபரப்பும், மற்ற எல்லாருடைய வாயையும் அடைத்துவிடும். பொத்தான் அழுந்தியபடி சிக்கிக்கொண்டாலும் இதே கதி. பேச்சை ஒரு நிமிடத்தில் துண்டிக்கும் 'டைம்-அவுட்' அமைப்பு அதற்காகவே இருக்கிறது. 'பிரைவசி கோடு' என்று விற்பது ரகசியம் எதையும் காக்காது. குழுவில் ஒருவர் மட்டும் வேறு எண் வைத்தால் அவருக்கு நாள் முழுக்கக் காது கேட்காது, அவ்வளவுதான்.

ரேடியோ கைவிடுவது இறங்கிய பிறகு. அதுவரை 130 கிலோமீட்டர் எட்டிய குரல், கால் தரையில் பட்டதும் கருவேலங்காட்டுக்குள் முடங்கிவிடும். தலைக்கு மேல் நிற்கும் புதர் இருந்தால் இரண்டு மூன்று கிலோமீட்டர் தாண்டுவதே பெரிது. ஆகவே 300 மீட்டர் உயரம் மிச்சமிருக்கும்போதே இறங்கப்போகும் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். அங்கிருந்து 70 கிலோமீட்டர் வரை கேட்கும். பக்கத்தில் கரிமூட்டம் எரிந்தால், புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கீழிருப்பவரும் பதிலுக்குச் சொல்லலாம். காற்றை எதிர்த்து இறங்க அது உதவும்.

சொல்ல மறந்து இறங்கிவிட்டால்? இந்தச் சீமையில் கண்மாய் இல்லாத ஊர் ஏது. ஐந்து மீட்டர் கரை மேல் ஏறி, ஆன்டெனாவை நிமிர்த்திப் பிடித்தால் அடிவானம் 5-லிருந்து 10 கிலோமீட்டராக இரட்டிக்கும். கார்க்காரரும் ஒரு கரையைப் பிடித்து ஏறிவிட்டால் இடைவெளி 20 கிலோமீட்டர் வரை பேசலாம். என்ன ஊர் என்று தெரியவில்லையா, கரையோரம் ஆடு மேய்ப்பவரிடம் கேளுங்கள். ஊரோடு கண்மாயின் பேரையும் மடை எந்தப் பக்கம் என்பதையும் சொல்லுவார். கார் ஓட்டுகிறவர் உள்ளூர்க்காரர் என்றால் அதற்குமேல் விலாசம் கேட்கமாட்டார்.